மலை சுத்திட்டு வாங்க, ஒட்டி வைக்கிறேன்!

"பின்னாடி வந்து பார்க்கிறீங்களா?" என்று கடைக்கார அண்ணன் கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் போகிற வழியில், டீக்கடைக்கும் ருத்திராட்சக் கடைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கும் சின்னக் கடை அது. 'செருப்பு, ஷூ, பை, சூட்கேஸ் ரிப்பேர்' என்று போர்டு. கல்லாவுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்கும். பிரிந்த சோலோடு அதற்குப் பின்னால் போகிற ஷூ, மறுபடி ஒன்றாகி வெளியே வரும். நடுவில் நடப்பதை வாடிக்கையாளர் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு நாம் பார்க்கிறோம். வாங்க, தலையை மட்டும் குனிந்துகொள்ளுங்கள், நிலை தாழ்வு.

முதலில் மூக்குக்குத்தான் வரவேற்பு. சொல்யூஷன் வாடை! பஞ்சர் கடையைத் தாண்டும்போது வருமே, அதே வாடை நாலு மடங்கு. பத்துக்குப் பத்து அறைதான். ஆணி ஆணியாக லேஸில் தொங்கும் ஷூக்கள், ஒவ்வொன்றிலும் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கட்டிய சீட்டு. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சின்ன ஆணி, பெரிய ஆணி, வளைந்த ஆணி. வளைந்ததை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டால், "நிமித்திக்கலாம்னு பத்து வருஷமா நினைச்சிட்டிருக்கேன்" என்கிறார். மூலையில் மூன்று காலுள்ள இரும்பு அச்சு. அதன் மேல் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது ஒரு குழந்தையின் பள்ளிக்கூட ஷூ.

அதோ அந்த டேபிள் ஃபேனைப் பாருங்கள். வேலை செய்பவருக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்துச் சுற்றுகிறது. அறையில் வேர்த்துக் கொட்டுகிறது, ஃபேனோ தெருவுக்கு விசிறுகிறது. "காத்து எனக்கில்ல, வாடைக்கு. அது வெளியே போகணும்" என்கிறார் அண்ணன். இது வெறும் பழக்கமில்லை. பசையை இளக்க ஊற்றும் கரைப்பான் ஆவியாகி நெஞ்சுக்குள் போகிற சரக்கு. 1960களில் ஜப்பானில் குடிசைத் தொழிலாகச் சாண்டல் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பலருக்குக் கைகால் மரத்துத் தளர்ந்துபோனது. காற்றோட்டமில்லாத அறையில் ஹெக்சேன் ஆவியைச் சுவாசித்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அண்ணனுக்கு அந்தக் கதை தெரியாது. அவருடைய அப்பா சொன்னது தெரியும்: தலை கனத்தால் எழுந்து வெளியே போ. அதோடு இன்னொரு விதி. அண்ணாமலையார் படம் கடை முன்புறத்தில்தான். விளக்கும் ஊதுபத்தியும் கற்பூரமும் அங்கேயே. இந்த ஊரில் கற்பூரம் காட்டாத அறை இது ஒன்றாகத்தான் இருக்கும்! ஆவிக்கு ஒரு பொறி போதும்.

சரி, முதல் கேஸ் வந்துவிட்டது. ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரின் மலையேறும் ஷூ. அடியில் கறுப்பு ரப்பர் சோல். அதற்கு மேலே, பாதம் வளையும் இடத்தில், கெட்டியான பிளாஸ்டிக் தகடு. இரண்டும் முன்பக்கம் வாயைப் பிளந்து நிற்கின்றன. அண்ணன் டப்பாவைத் திறப்பார் என்று நான் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருக்கிறேன். அவரோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிளந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"யார் கைவிட்டதுன்னு முதல்ல தெரியணும்" என்கிறார்.

இதுதான் எனக்கு இன்றைக்குக் கிடைத்த முதல் விருந்து. பிரிந்த ஒட்டைப் படிக்கலாம்! பழைய பசை முழுக்க ரப்பர் பக்கமே ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தகடு பளபளவென்று சுத்தமாக இருந்தால், பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் பசை பிய்ந்து பாதிப் பாதியாக நின்றால், இரண்டையும் பிடித்துக்கொண்ட பசை தன் உடம்பிலேயே கிழிந்திருக்கிறது. வெயிலோ வயதோ காரணமாக இருக்கலாம். மூன்றாவது, பிளாஸ்டிக்கில் ரப்பர்த் துணுக்குகளே ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டின்மேல் குற்றமே கிடையாது, ரப்பர்தான் கிழிந்தது. "அந்த மாதிரி வந்தா ஒட்டினவனுக்கு ஒரு கும்பிடு போடுவேன்" என்கிறார். சென்னை கிண்டியில் 1957 முதல் இயங்கும் மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தை நினைத்துக்கொண்டேன். காலணிச் சோதனைக்கூடங்களில் எந்திரம் சோலை உரித்து எத்தனை விசை தாங்கியது என்று எண் சொல்லும். அத்தோடு முடிவதில்லை. உரிந்த பரப்பை எடுத்துப் பார்த்து, இந்த மூன்றில் எது என்றும் குறிப்பார்கள். அங்கே எந்திரம், இங்கே டார்ச். கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

வெளிநாட்டு ஷூவில் தகடு பளபளக்கிறது. முதல் வகை. தீர்ப்பு சொல்லிவிட்டு அண்ணன் அதைப் பையனிடம் நீட்டுகிறார். இனித் திருவிழா!

பையன் என்றால் இருபது வயது இளைஞன். கையில் சின்ன கிரைண்டர், முகத்தில் துண்டு. கண்ணும் புருவமும் மட்டும்தான் தெரியும். புருவமும் ரப்பர்த் தூளில் கறுத்துக் கிடக்கிறது. சர்ர்ரென்று சோலின் உள்பரப்பைத் தேய்க்கிறான். அது முடிந்ததும் உப்புத்தாள் எடுத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் குறுக்கும் நெடுக்குமாக உரசுகிறான். பளபளப்பு முழுதும் போய் வெளிறிச் சொரசொரப்பாகும் வரை விடுவதில்லை. வேர்வை மூக்கு நுனியில் திரண்டு நிற்கிறது. "கீழே விடாதடா! சோல்ல விழுந்தா மறுபடி முதல்ல இருந்து!" என்று முன்னறையிலிருந்து ஒரு பெண்குரல். அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தோளில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறான். அப்படிச் செய்து செய்து, சட்டையின் வலது தோள்பட்டையில் மட்டும் நிரந்தரமாக ஒரு கறுப்புத் திட்டு.

இவ்வளவு தேய்ப்பு எதற்கு? அச்சிலிருந்து வார்த்தெடுக்கும்போது ரப்பரும் பிளாஸ்டிக்கும் அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழுக்குப் பூச்சு போடுவார்கள். அதில் ஒரு துளி மிச்சமிருந்தால் போதும். பசை அந்தப் பூச்சின்மேல் உட்காருமே தவிர பொருளின்மேல் உட்காராது. ரப்பருக்குள் கலந்த மெழுகும் கந்தகமும்கூட நாளாக ஆக மேலே வந்து மெல்லிய படலமாகப் படியும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால் லேசாக வழுக்கும். எனக்கு அப்படி ஒரு சோலைக் கொடுத்துத் தடவச் சொன்னார்கள். வழுக்கியது! அந்த ஒரு தடவலுக்காகவே இந்த அறைக்குள் வந்திருக்கலாம்.

முன்னறையிலிருந்து குரல் கொடுத்தவர் அண்ணனின் தங்கை மகள். செய்யாறு சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவர். தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் நைக்கி ஷூக்களைத் தயாரிப்பதும் அதே செய்யாறில்தான். உலகம் முழுக்க ஓடுகிற கால்களுக்கு நம் மாவட்டத்துப் பெண்கள் சோல் ஒட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது. "அங்கே லைன்ல ஒரு ஷூ எங்கெங்கே போகும் தெரியுமா சார்? கழுவல், காயவைப்பு, பிரைமர், அடுப்பு, பசை, மறுபடி அடுப்பு, அப்புறம்தான் ஒட்டு. ஒட்டறது ரெண்டு நிமிஷம்தான். மீதியெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாடி" என்கிறார், பிரஷ் பிடித்த கையை ஆட்டிக்கொண்டே. மாமாவின் கடையில் அவர் கொண்டுவந்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, துடைத்த பரப்பில் யாரும் விரல் வைக்கக் கூடாது. விரலின் எண்ணெயே எதிரி. இரண்டாவது, பிரைமர். ரப்பரின் மேற்பரப்பை வேதியியலாக மாற்றிப் பசைக்குப் பிடிமானம் கொடுக்கிற தண்ணி போன்ற திரவம் அது. "முதல்ல மாமா ஒத்துக்கவே இல்ல. தண்ணிக்கா காசுன்னாரு." மாமா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார்.

இப்போது பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கப்புறம்? ஒன்றும் இல்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்! டீ வருகிறது. பையன் போனில் ஒரு வீடியோ காட்டுகிறான். எனக்கோ பொறுக்கவில்லை, அந்த ஈரப் பசையை இப்போதே ஒட்டிவிட்டால்தான் என்ன? கூடாதாம். கரைப்பான் முழுக்கப் பறந்துபோக வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியேற வழியில்லாமல் ஒட்டை உள்ளிருந்தே இளக்கிக்கொண்டிருக்கும். புறங்கையால் தொட்டால் பிசுபிசுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இந்த மஞ்சள் பசையின் உயிர், 1930இல் அமெரிக்காவின் டுபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோத்தர்ஸின் குழுவில் பிறந்து பிற்பாடு நியோப்ரீன் என்று பெயர் பெற்ற செயற்கை ரப்பர். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் காய்ந்த இரண்டு படலங்களைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றுக்குள் ஒன்று கலந்து அந்த நொடியே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பே கிடையாது.

அதனால்தான் அந்த நொடியில் அறையே அமைதியாகிறது. அண்ணன் ஹேர் டிரையரால் இரண்டு பக்கமும் சூடு காட்டுகிறார். ஆமாம், தலை உலர்த்துகிற அதே மெஷின், பிங்க் கலர். முன்மூக்கை முதலில் பொருத்துகிறார், நடுப்பாதம், குதிகால். பிறகு சுத்தியலை எடுத்து, அச்சில் கவிழ்த்து, டொக் டொக் டொக்! நடுவிலிருந்து ஓரத்துக்கு, காற்றை வெளியே தள்ளிக்கொண்டே. ஒரு நாள் முழுக்க மெதுவாக அழுத்தி வைப்பதைவிட, சில நொடி பலமாக அழுத்துவதுதான் இந்தப் பசைக்குப் பிடிக்கும். முடிந்தது என்று நான் மூச்சு விடுவதற்குள், மெழுகு தடவிய நூலைக் கோத்து மூக்கோரத்தில் நாலு தையல் போடுகிறார்.

பசை மேல் நம்பிக்கை இல்லையா அண்ணே?

"நம்பிக்கை இருக்கு. ஆனா எங்கே ஆரம்பிக்கும்னும் தெரியுமே."

வேட்டித் துணியைக் கிழிக்கிறவர் இரண்டு பக்கமும் பிடித்து மொத்தமாகவா இழுப்பார்? ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் போதும், அது பாட்டுக்கு ஓடும். சோலும் அப்படித்தான் பிரிகிறது. பரப்பு முழுவதையும் ஒரே இழுப்பில் பிடுங்குவதென்றால் யானைப் பலம் வேண்டும். ஓரத்தை நிமிர்த்தி உரிப்பதென்றால், விசை முழுக்க அந்த ஓரத்தின் ஒற்றைக் கோட்டில் வந்து குவிகிறது. ஒவ்வோர் அடியிலும் ரப்பர் நீளப் பார்க்கும், வளையும். கெட்டிப் பிளாஸ்டிக் அசைந்து கொடுக்காது. வெயிலில் இரண்டும் விரிகிற அளவும் வேறு வேறு. இந்தச் சண்டையின் சுமை முழுவதும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய பசைப் படலத்தின் ஓரத்துக்கு. அந்த நாலு தையல் ஓரத்தை நிமிரவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஷூவுக்குள்ளே இத்தனை பெரிய சண்டை நடக்கிறது என்று தெரிந்தபின் என் கால்களை நானே மரியாதையோடு பார்க்கிறேன்.

சாயங்காலம் ஆகிறது. பௌர்ணமி! இந்த அறையின் உண்மையான முகத்தை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள்.

பஸ்கள் வந்து கொட்டுகின்றன. தார்ப்பாயின் இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறேன், ரோடு முழுக்கத் தலைகள். 14 கிலோமீட்டர் கிரிவலம், எட்டு லிங்கங்கள், வெறுங்கால் நடை. வெறுங்காலோடு நடக்கப் போகிறவர்களுக்குச் செருப்புக் கடையில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? அதில்தான் இந்தக் கடையின் அழகான தந்திரம் இருக்கிறது. வரும் வழியில் சோல் பிரிந்தவர்கள் இங்கே கொடுத்துவிட்டு மலையைச் சுற்றப் போகிறார்கள். நாலைந்து மணி நேரம் கழித்துத் திரும்பும்போது ஒட்டு இறுகிக் காத்திருக்கிறது. பசைக்கு வேண்டிய பொறுமையை வாடிக்கையாளரிடமிருந்து வாங்குவது எந்த ஊர்க் கடைக்காரருக்கும் பெரும்பாடு. இங்கே அருணாசல மலையே பார்த்துக்கொள்கிறது.

"மலை சுத்திட்டு வாங்கக்கா, ஒட்டி வைக்கிறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார் அண்ணன். விழுப்புரத்திலிருந்து வந்த ஓர் அக்கா, "அவசரமா ஒட்டிக் குடுத்துடாதே தம்பி, நான் நிதானமாத்தான் நடப்பேன்" என்கிறார். அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! காலண்டர் சீட்டுகள் பறக்கின்றன. பையன் சீட்டில் பெயர் எழுதுவதில்லை, அடையாளம் எழுதுகிறான்: 'பச்சைப் புடவை', 'மூணு பசங்க', 'பல்லு எடுப்பு'. கடைசிச் சீட்டை அண்ணன் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டு வேறு எழுத வைக்கிறார்.

கேஸ்கள் குவிகின்றன. வீட்டிலேயே சின்ன டியூப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவை தனிக் கூடை. உள்ளே எல்லாருக்கும் அந்தக் கூடையைக் கண்டாலே பெருமூச்சு. அந்தப் பசை கண்ணாடிச் சில்லுபோல் இறுகிவிடும், வளைகிற இடத்தில் போட்டால் விரிசல் விடும். முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஒட்டுவதைவிட அதற்குத்தான் நேரம். அடுத்தது, வெயிலில் குவியலாகக் கிடந்து பிரிந்தவை. சித்திரை, வைகாசியில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். நியோப்ரீன் பசை இளகத் தொடங்குவதும் அந்த வாக்கில்தான். நல்லவேளை, இது ராத்திரி.

இன்னொரு கூடையை மட்டும் அண்ணன் என்னிடம் நீட்டி, "விரலால அழுத்துங்க" என்கிறார். உள்ளே ஏறக்குறையப் புதுசாகத் தெரியும் விளையாட்டு ஷூ. அழுத்துகிறேன். சோல் பொலபொலவென்று உதிர்கிறது! விலை உயர்ந்த ஷூவாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர், மீதி நாளெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறார். பாலியுரேத்தேன் நுரைச் சோல்களில் ஒரு வகையைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடும், காலில் போட்டாலும் போடாவிட்டாலும். இதில் பசை ஒரு தப்பும் செய்யவில்லை. ஒட்டிக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லாமல் போய்விட்டது. "பத்திரமா வெச்சிருந்தேனேன்னு சொல்லுவாங்க சார். அவங்களுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குக் கஷ்டம்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிரிப்பு இல்லை. புது சோலே போட வேண்டும் என்று சீட்டில் எழுதி வைக்கிறார்.

ராத்திரி பத்தரை மணி வாக்கில் ஒரு சூட்கேஸ் உருண்டு வருகிறது. உருண்டு என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கழன்று, வெறும் பிளாஸ்டிக் உருளை மட்டும் மிச்சம். வந்தவர் பெங்களூர்க்காரர், அவசரத்தில் இருக்கிறார், வளையத்தைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். "சும்மா ஒட்டிக் குடுங்க, போதும்."

அண்ணன் கத்தியால் அந்த உருளையின் ஓரத்தில் நகக்கண் அளவு சீவி, தண்ணீர்க் குவளையில் போடுகிறார். நாங்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்க்கிறோம். மிதக்கிறது! பையன் கையைத் தட்டுகிறான், "பிபி!" பாலிபுரோப்பிலீன். பொதுவாக ஷூவில் வரும் கெட்டிப் பிளாஸ்டிக்குகள் தண்ணீரில் மூழ்கும். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும்தான் தண்ணீரைவிட லேசு. இரண்டும் எந்தப் பசையையும் தன்மேல் படரவிடாத பிறவிகள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். பசைக்கும் அதே மரியாதைதான். தொழிற்சாலையில் தீச்சுடர் காட்டியோ தனிப் பிரைமர் பூசியோ அதன் மேற்பரப்பை மாற்றினால்தான் பசை பிடிக்கும். அந்த உருளையைத் திருப்பிக் காட்டுகிறார் அண்ணன். விளிம்பில் வரிசையாக ஓட்டைகள். ரப்பரை உருக்கி வார்க்கும்போது அந்த ஓட்டைகளுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பூட்டு தேய்ந்து அறுந்ததும் கழன்றுவிட்டது.

"இதுல ஒட்டினா நாளைக்கே விழும் சார். நான் ஒட்ட மாட்டேன்."

"எவ்வளவு வேணாலும் தர்றேன், ஒட்டுங்க."

"காசு வாங்கிட்டு ஒட்டலாம். பெங்களூர் போய் இறங்குறப்ப என்னைத் திட்டுவீங்க."

தங்கை மகள் அதற்குள் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டார். பழைய சக்கரங்கள் தரையெங்கும் உருண்டோடுகின்றன. பையன் கட்டிலுக்கடியில் ஒன்றைத் துரத்துகிறான். நானும் முழங்காலிட்டு ஒன்றைப் பிடிக்கிறேன். அளவுக்குச் சரியாக, வளையம் கெட்டியாக இருப்பது ஆறேழு தேடிப் பார்த்த பிறகு கிடைக்கிறது. பழைய அச்சாணியை ரம்பத்தால் அறுத்து, புது போல்ட் போட்டு, நட்டு முடுக்குகிறார் அண்ணன். பெங்களூர்க்காரர் சூட்கேஸை அந்தச் சின்ன இடத்திலேயே முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கிறார்.

"இந்த வளையம் கழன்றாது இல்ல?"

"கழன்றா மறுபடி பௌர்ணமிக்கு வாங்க. மலையும் சுத்தின மாதிரி ஆச்சு."